ஷூவைக் கழட்டு, சாமியைப் பாரு

தம்பியின் நாகலாபுரம் மலையேற்றத்துக்குள் ஆயா எப்போது நுழைந்தார் என்று யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை வரைக்கும் நாலைந்து பசங்க, ஒரு வேன். ஞாயிறு விடிகாலை தண்டையார்பேட்டையில் கிளம்பும்போது பார்த்தால், முன்சீட்டில் புளிச்சோற்றுத் தூக்கோடு ஆயா, துணைக்கு சித்தி. "போற வழியில மூணு கோயிலு. சாமிய பாக்காம மலையில கால் வெப்பியாடா?"

ஆடி ஞாயிறு என்று எவனும் காலண்டரைப் பார்க்கவில்லை. ஜனப்பன்சத்திரத்திலேயே வண்டிகள் நின்றன. பெரியபாளையத்தில் வேப்பிலை கட்டிக்கொண்டு வலம் வரும் கூட்டத்தைத் தாண்டி பவானியம்மனைப் பார்ப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது.

தம்பியின் புது ஷூ கணுக்காலுக்கு மேலே ஏறும் ரகம். காலுக்கு ஆறு ஜோடி ஓட்டை, அதற்கு மேல் கொக்கி வேறு. கோயிலுக்குக் கோயில் அதைக் கழட்டி, கால் கழுவி, ஈரத்தோடு சாக்ஸில் திணித்தான். வினையே அதுதான். ஈரத்தில் தோல் ஊறி இளகும், பழகாத ஷூவின் பின்பக்கம் விறைத்து நிற்கும். ரெண்டும் உரசினால் குதிகால் என்ன ஆகும்?

சுருட்டப்பள்ளியில் நொண்ட ஆரம்பித்தான். ஆலகாலம் குடித்த சிவன் அங்கே பார்வதி மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறார், தேவர்கள் சுற்றி நிற்கிறார்கள். "வெசத்தயே குடிச்சவரு கம்முனு படுத்துனுகீறாரு. ஷூ கடிச்சதுக்கு நீ மூஞ்சிய தூக்கினுகீற" என்றார் ஆயா.

நாகலாபுரத்தில் வேதநாராயணர். இடுப்புக்குக் கீழே மீன். சோமுகாசுரன் திருடிய வேதத்தை மீட்ட மச்சாவதாரக் கதை, தாய் நாகலாம்பா பேரில் கிருஷ்ணதேவராயர் ஊருக்குப் பேர் வைத்த கதை, மார்ச்சில் மூணு நாள் பெருமாள் மேல் சூரிய ஒளி விழும் கதை என்று ஆயா பட்டரிடம் எல்லாவற்றையும் கேட்டு முடிக்க மணி பத்தரை. ஏழு மணிக்கே ஓடையில் இறங்கியிருக்க வேண்டியவர்கள்!

பாசி பிடித்த பாறையில் குதிகாலை அழுத்தி ஊன்ற முடியாதவனுக்கு மலையேற்றம் கிடையாது. முதல் ஓடையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

கடைசிக் கோயில் முடிகிறவரை ரப்பர் செருப்புதான் சரி. உலர்ந்த சாக்ஸ் ரெண்டு ஜோடி பிளாஸ்டிக் கவரில் இருக்கட்டும். புது ஷூவை ரெண்டு வாரமாவது தெருவில் போட்டு நடந்து பழக்க வேண்டும். உரசல் தெரிந்த உடனே டேப் ஒட்டணும், கொப்புளம் வந்த பிறகு ஒட்டி என்ன பிரயோஜனம்? தோலை மட்டும் உரிக்கக் கூடாது. இவன் உரித்தான்.

திரும்பி வரும்போது அடுத்த திட்டத்தை ஆயாவே போட்டுவிட்டார். புரட்டாசியில் திருப்பதி, அலிபிரி வழியாக நடை. 3,550 படி, வெறுங்கால்.

டிரைவருக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று.