இல்லாத மரத்துக்கும் கணக்கு உண்டு

பெருவின் அமேசான் காட்டில் மரம் திருட ரம்பம் மட்டும் போதாது, ஒரு தாளும் வேண்டும். 'இந்த இடத்தில் இத்தனை மகோகனி நிற்கிறது' என்று எழுதி வெட்ட அனுமதி வாங்கிவிடுவார்கள். ஓசின்ஃபோர் என்ற அரசு மேற்பார்வை அமைப்பின் ஆட்கள் ஜிபிஎஸ் கருவியோடு காட்டுக்குள் நடந்து அந்த இடத்தைத் தேடிப் போனால், மரமும் இருக்காது, வெட்டிய அடிக்கட்டையும் இருக்காது. அந்தப் பொய்க் கணக்கை வைத்துப் பழங்குடிகளின் நிலத்தில் வெட்டிய மரம் ஆற்று வழியே ஆலைக்குப் போய்ச் சேரும். அங்கே போனபின் எது திருட்டு மரம் என்று யார் கண்டுபிடிப்பது?

ஓசின்ஃபோர் கண்டுபிடித்தது. அந்தக் கண்டுபிடிப்பை வைத்து 2015இல் யாக்கு கால்பா என்ற கப்பல் கொண்டுபோன பெருவின் மரம் அமெரிக்காவின் ஹூஸ்டனில் தடுக்கப்பட்டது. 2016 ஜனவரியில் ஓசின்ஃபோரின் தலைவர் ரோலாந்தோ நவாரோவைப் பதவியிலிருந்து தூக்கிவிட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத கோபம் இது.

அப்புறம் எட்வின் சோட்டா. பிரேசில் எல்லையோரம் சவெட்டோ என்ற அஷெனிங்கா பழங்குடிக் கிராமத்தின் தலைவர். ஊர் நிலத்துக்குப் பட்டா கேட்டுப் பத்து வருடத்துக்கு மேல் அலைந்தார். மரம் கடத்துபவர்களைப் பற்றிப் புகார் மேல் புகார் கொடுத்தார், உயிருக்கு ஆபத்து என்றும் சொன்னார். பாதுகாப்பு வரவில்லை. 2014 செப்டம்பரில் அவரையும் இன்னும் மூவரையும் சுட்டுக் கொன்றார்கள். பட்டா 2015இல் வந்தது. முதல் தீர்ப்பு ரத்தாகி, 2024 ஏப்ரலில்தான் குற்றவாளிகளுக்கு மறுபடியும் 28 ஆண்டுக்கு மேல் சிறை விதித்தார்கள். அதுவரை கொல்லப்பட்ட நால்வரின் மனைவிகள்தான் வழக்குக்காக அலைந்தார்கள்.