மணிக்கு வாசித்துக் காட்டிய பிள்ளை

கொழும்பு வெள்ளவத்தைப் பக்கம் ஒரு தமிழ்மொழிப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். போன வருடம் தரம் நான்கில் ஒரு பிள்ளை இருந்தான். அப்பா இறந்து ஐந்து மாதம். வகுப்பில் வாயே திறக்க மாட்டான், வாசிக்கச் சொன்னால் புத்தகத்தின் மூலையை மடித்து விரித்து மடித்து விரித்து, கடைசியில் அந்தத் தாள் பழந்துணி மாதிரி நைந்துபோயிருந்தது. "என்ன ராசா, சாப்பிட்டீங்களா, யாரும் ஏசினாங்களா" என்று ஆளாளுக்குக் கேட்டோம். நாங்கள் கேட்கக் கேட்க அவன் இன்னும் ஒடுங்கிப்போனான்.

வாசலில் காவல்கார ஐயா வளர்க்கும் மணி படுத்திருக்கும். வருடா வருடம் ஊசி போட்ட, வயதான நாய். ஒருநாள் பாடசாலை வேன் பிந்திவிட்டது, போய்ப் பார்த்தால் இவன் படிக்கட்டில் மணிக்குப் பக்கத்தில் இருந்து தமிழ்ப் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருக்கிறான். எழுத்துக்கூட்டித்தான், ஆனால் சத்தமாக! பிழை விட்டால் நிறுத்தி, மணியின் முதுகை ஒரு தடவு தடவிவிட்டு, அதே வரியைத் திரும்ப முதலிலிருந்து. மணி கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் அசைத்தது. நான் தூணுக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டேன்.

அன்றிரவு இதைப்பற்றித் தேடித் தேடிப் படித்தேன். நியூயோர்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற உளவியலாளரிடம், யாரோடும் ஒட்டாத ஒரு சிறுவனை நேரத்துக்கு முன்னமே கூட்டிவந்திருக்கிறார்கள். அறையில் அவருடைய நாய் ஜிங்கிள்ஸ் இருந்தது, பையன் அதோடு ஒட்டிக்கொண்டான். அதிலிருந்து தொடங்கி, சிகிச்சையில் நாயும் துணை என்று 1962இல் அவர் கட்டுரை எழுதினார். 1999இல் அமெரிக்காவின் சோல்ட் லேக் சிட்டியில், பிள்ளைகள் நாய்க்கு வாசித்துக் காட்டும் திட்டமே தொடங்கியிருக்கிறார்கள். நான் படிக்கட்டில் பார்த்தது அதேதான்.

இங்கே இதைச் சொன்னால் முதலில் வருவது கடி, விசர்நாய் என்ற பயம். அது நியாயமான பயம், நோயின் அறிகுறி தெரியத் தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். அதனால்தான் பாடசாலைக்கு வரும் நாய் எந்த நாயாகவும் இருக்க முடியாது: தடுப்பூசி, மிருக வைத்தியரின் பரிசோதனை, தட்டினாலும் வாலை இழுத்தாலும் பதறாத குணம், பக்கத்தைவிட்டு நகராத வளர்ப்பாளர், இவ்வளவும் வேண்டும். பயப்படும் பிள்ளையை, ஒவ்வாமை உள்ள பிள்ளையை வற்புறுத்தவே கூடாது. நாயைத் தொடுவதில் முஸ்லிம் பிள்ளைகளின் வீட்டு வழக்கம் வேறாக இருக்கலாம், அதையும் பெற்றோரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். அப்புறம் நாய்க்கும் களைப்பு உண்டு. அடிக்கடி கொட்டாவி விடுகிறதா, உதட்டை நக்குகிறதா, முகத்தைத் திருப்புகிறதா, அன்றைக்கு அதோடு போதும்.

அதிபரிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன். வாரத்தில் ஒருநாள், நூலக அறையில், அரை மணித்தியாலம், நான்கே பிள்ளைகள். கொழும்பில் அமைதியான, பிள்ளைகளோடு பழகிய நாய் வைத்திருப்பவர்கள், மிருக வைத்தியர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.