ஹைப்போவுக்கு முந்தைய சில வினாடிகள்

பாதி டெவலப் ஆன படத்தில் வெளிச்சம் விழுந்து கறுப்பு வெள்ளை புரளும் சோலரைசேஷன் பற்றி, புகைப்படக் கலைஞர் லீ மில்லர் 1975-இல் வெளியான பேட்டியில் சொன்னதை எப்போது படித்தாலும் ஓரிடத்தில் இடறுகிறது. அவர் உதவியாளராக இருந்த கலைஞர் மேன் ரேயின் பாரிஸ் இருட்டறையில் காலில் ஏதோ ஊர, அலறி விளக்கைப் போட்டாராம். படத்தைத் தெரியவைக்கும் டெவலப்பர் கரைசலில் ஒரு டஜன் நெகட்டிவ், கறுப்புப் பின்னணியில் எடுத்த நிர்வாணப் படங்கள், கிட்டத்தட்ட முடிந்த பக்குவத்தில் கிடந்தன. மேன் ரே திட்டக்கூட இல்லை. அள்ளி, படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசலில் போட்டார். நெகட்டிவில் அதுவரை தெளிந்திருந்த பின்னணி கறுத்து உடலின் விளிம்புவரை வந்து நின்றிருந்தது.

உடனே போட்டிருந்தால் அப்படி வந்திருக்காது. புது வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பு கறுக்க, டெவலப்பரில் கொஞ்சமாவது கிடக்க வேண்டும். முதலில் கறுத்த பகுதியிலிருந்து கசியும் புரோமைடு எல்லையில் தேங்கி அங்கே மட்டும் கறுப்பைத் தடுக்கும். அப்படிக் கறுக்காமல் நிற்கும் மெல்லிய எல்லைதான் மாக்கி கோடு. நெகட்டிவில் ஒளி புகும்படி தெளிந்து நிற்பதால் பிரிண்டில் கறுப்பாக விழும். பிரிண்டையே இப்படிச் செய்தால் கோடு வெள்ளை.

அப்படியானால் விளக்குக்கும் ஹைப்போவுக்கும் நடுவே யார் தாமதித்தது? உதவியாளர் திகைத்து நின்றாரா, முதலாளி பார்த்துக்கொண்டே விட்டாரா? வீரியமான டெவலப்பரென்றால் சில வினாடிகளே போதும் என்றும் வாதிடலாம். எனக்கு அது அரை மனதுதான்.

இன்று அசலைத் தொடாமல், சிவப்பு வெளிச்சம் பதியாத ஆர்த்தோ ஃபிலிமில் இருமுறை காண்டாக்ட் போட்ட (ஒட்டவைத்து ஒளியூட்டிப் படியெடுத்த) நெகட்டிவ் நகலைச் சிவப்பு விளக்கில் செய்யலாம். டெவலப்பரில் மொத்தம் 2 நிமிடம் என்றால் பாதியில் ஆட்டுவதை நிறுத்தி, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து 15 வாட் பல்பை 1 வினாடி போட்டுப் பாருங்கள். மீதியைச் சோதனைத் துண்டு சொல்லும். பிறகு ஆட்டவே கூடாது. ஆட்டினால் புரோமைடு கலைந்து கோடு போய்விடும். மேலே நீர்த்துளி நின்றால் அது லென்ஸாகிப் புள்ளி விழும். வெளிச்சம் கூடினால் நெகட்டிவ் முழுக்கக் கறுத்துவிடும். கறுப்பைக் கரைத்துக் குறைக்கும் ஃபார்மர் ரெட்யூசரில் கொஞ்சம் மீட்கலாம்.

முகத்தில்தான் உண்மையான சிக்கல். கன்னத்து நிழலும் பின்னணியோடு சேர்ந்து கறுப்பு வெள்ளை புரண்டு அழுக்காகத் தெரியும். மேன் ரேயின் 1929-ஐ ஒட்டிய மில்லர் உருவப்படத்தில் அந்த அழுக்கு இல்லை. ஆகவே அதற்குள் விளக்கையும் வினாடியையும் முகத்து ஒளியையும் யாரோ சேர்த்தே கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் மில்லரின் பங்கு எவ்வளவு என்பதை நெகட்டிவைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆர்மண்ட் சபாத்தியே என்ற பிரெஞ்சுக்காரர் 1862-லேயே இதை விவரித்துவிட்டதால், கண்டுபிடித்தது யார் என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை.