கொடுங்கல்லூரில் தொடங்கி மட்டாஞ்சேரியில் முடியும் கதை: கொச்சி யூதர் வழித்தடம்

கொச்சி யூதர்களின் கதைகளைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் மட்டாஞ்சேரி யூதத் தெருவில் இறங்கி, நீல ஓடுகளைப் பார்த்துவிட்டு, ஏலக்காய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது கதையின் கடைசி அத்தியாயம். முதலிலிருந்து கேட்க வேண்டுமானால் வண்டியை வடக்கே கொடுங்கல்லூருக்கு விடுங்கள்.

கிழமையைப் பார்த்துக் கிளம்புவது முக்கியம். மட்டாஞ்சேரி பரதேசி யூதப்பள்ளி (‘பரதேசி’ என்றால் வெளிநாட்டிலிருந்து வந்தவர், ‘பள்ளி’ என்றால் தொழுகைக் கூடம்) சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களிலும் திறக்காது; வெள்ளி பிற்பகலும் கிடையாது. பக்கத்து அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. பரவூர், சேந்தமங்கலம் பள்ளிகளுக்குத் திங்கள் விடுமுறை. மிஞ்சுவது ஞாயிறு, செவ்வாய், புதன், வியாழன். இரண்டு நாள் ஒதுக்கினால் நிதானமாகப் பார்க்கலாம்.

கொடுங்கல்லூரில் பார்க்க யூதக் கட்டடம் எதுவும் இல்லை. கோட்டப்புறம் படித்துறையில் நின்று ஆற்றின் அகலத்தைப் பாருங்கள், போதும். தலைமுறை தலைமுறையாக வந்த கதை இந்த நீரில்தான் நடக்கிறது. யூதத் தலைவர் குடும்பத்தில் அண்ணன் தம்பிக்குள் பட்டத்துக்குச் சண்டை, வெளியாள் உள்ளே வருகிறான், ஊர் அழிகிறது. கடைசித் தலைவன் யோசேப்பு அசார் மனைவியைத் தோளில் சுமந்து நீந்தியே கொச்சி போய்ச் சேர்ந்தானாம். வரலாறு சொல்வது 1524-இல் நடந்த தாக்குதலையும், அதன் பின் போர்ச்சுகீசியர் தந்த நெருக்கடியையும், சிறிது சிறிதாக நடந்த இடப்பெயர்வையும். பல ஆண்டுகளின் அலைச்சலை ஒரே இரவின் நீச்சலாகச் சுருக்கினால்தான் பிள்ளை தூங்குவதற்குள் சொல்லி முடிக்க முடியும். இறந்தவரின் பெட்டியில் கொடுங்கல்லூர் மண் ஒரு பிடி இடும் வழக்கமும் கொச்சி யூதர்களிடம் இருந்தது.

யூதத் தலைவர் யோசேப்பு ரப்பான் கதையும் இந்த மண்ணுடையதே. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் அவருக்கு 72 உரிமைகள் கொடுத்தான்: பல்லக்கு, குடை, பறை, காளம் என்று பட்டியல் நீளும். குடும்பக் கதை இதை கி.பி. 379 என்று வைக்கிறது. ஆய்வாளர்கள் சுமார் 1000 என்கிறார்கள். அந்தச் செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. 'இசுப்பு இரப்பான்' (யோசேப்பு ரப்பான்), 'அஞ்சுவண்ணம்' (வணிகர் குழு) என்ற சொற்களைப் படிக்கும்போது தமிழ் வாசகருக்கு அந்நியமாகவே தோன்றாது. மட்டாஞ்சேரி பள்ளிக்கு உரிய இந்த ஏடுகளை எல்லா நாளும் காட்டமாட்டார்கள். அங்கே 1968-இல் 400-ஆம் ஆண்டு விழாவுக்காக வரைந்த பத்து ஓவியங்களில் ரப்பான் கதையும் உண்டு. குழந்தைகளோடு போனால் அங்கே நின்று சொல்லுங்கள்.

சேந்தமங்கலம் பள்ளி முற்றத்தில் அவசரப்படக் கூடாது. அங்கே நிற்கும் கல்லறைக் கல் 1269-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கொடுங்கல்லூரிலிருந்து வந்தது என்பார்கள். இஸ்ரவேலின் மகள் சாரா என்று எபிரேயத்தில் பெயர். உச்சி வெயிலில் எழுத்து தட்டையாகிவிடும். காலையில் சாய்ந்த வெளிச்சம் விழும்போது பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒவ்வொரு கீறலும் தெரியும். அருகிலுள்ள பரவூர் பள்ளியில் வாயில் வீடு, மூடிய நடைபாதை, முற்றம், தொழுமிடம் எல்லாம் வரிசையாக மிஞ்சியிருக்கின்றன. உள்ளே இருக்கும், தோரா சுருள்களை வைக்கும் பேழை மறு ஆக்கம், அசல் இஸ்ரேலில்.

பெண்கள் மேல்மாடத்தில் அமர்ந்தார்கள். ஆனால் கதைகளைக் காத்தது பெரும்பாலும் அவர்கள்தான். யூத மலையாளப் பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதி மகளுக்கும் பேத்திக்கும் கொடுத்தார்கள். திருமணங்களில் கூடிப் பாடினார்கள். வழிகாட்டிகள் இதைச் சொல்வது அரிது, நீங்களாகக் கேளுங்கள். அவர்கள் தவறாமல் சொல்வது ஓட்டுக் கதை: சீன ஓடுகளை அரசர் தமக்கென்று வரவழைத்தாராம், செய்வதில் பசு ரத்தம் சேர்த்திருக்கிறார்கள் என்று யூதர்கள் சொல்லவே, அவர்களுக்கே கொடுத்துவிட்டாராம். ரசிக்கலாம், நம்ப வேண்டாம். ஓடுகளைத் தருவித்தவர் டச்சுக்காரரோடு வணிகம் செய்த எசெக்கியேல் ரஹபி, 18-ஆம் நூற்றாண்டில். செருப்பைக் கழற்றித்தான் அந்த ஓடுகளில் நடக்க வேண்டும்.

மட்டாஞ்சேரியில் தவறவிடக் கூடாதது யூத ஞானியும் கவிஞருமான நெகேமியா மோத்தாவின் கல்லறை. 1615-இல் மறைந்தவர். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஓய்வுநாளுக்கு வீடு சேர வானில் பறந்து வந்தார் என்பது அவரைப் பற்றிய கதை. சுற்றியிருந்த இடுகாடு போய்விட்டது. வீடுகளுக்கு நடுவே கல்லறை மட்டும் நிற்கிறது. அக்கம்பக்கத்து இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். ஜன்னலுக்கு அருகில் குரலைத் தாழ்த்துங்கள், வீட்டாரைப் படம் பிடிக்காதீர்கள். அவர் நினைவுநாள் யூத மாதமான கிஸ்லேவ் 25, ஹனுக்கா என்ற விளக்குப் பண்டிகை தொடங்கும் நாள். யூத நாட்காட்டி சந்திரனைப் பின்பற்றுவதால் அது நவம்பர் கடைசியிலும் வரும், டிசம்பரிலும் வரும். அந்த ஆண்டுத் தேதியைப் பார்த்துப் பயணச்சீட்டு எடுங்கள்.

கதை சொன்ன குடும்பங்கள் பெரும்பாலும் 1950-களில் இஸ்ரேல் போய்விட்டன. அந்தப் பக்கம் போகிறவர்கள் பெயெர்ஷேபா அருகே அவர்கள் குடியேறிய நெவாதிம் ஊருக்குப் போகலாம். எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் பள்ளியின் உள் மரவேலையைப் பொருத்தி வைத்திருக்கிறார்கள்.