வலையில் சிக்கிய கறுப்புப் பவளம்: பேரினம் வரை போன அனுபவம்

கடலுக்குள் எடுத்த ஒரு படத்தை வைத்து "இது இன்ன கறுப்புப் பவளம்" என்று சொல்ல வெளிக்கிடுபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். உயிரோடு இருக்கையில் அது மஞ்சள், பச்சை, மண்ணிறம், வெள்ளை என்று எப்படியும் இருக்கும். கறுப்பு உள்ளே எலும்புபோல இருக்கும் அச்சுக்குத்தான். நிறத்தை நம்ப ஏலாது.

நெடுந்தீவுப் பக்கம் நண்டுவலையில் சிக்கி முறிந்த கிளையில்லாத தண்டொன்றை, குருநகர் அண்ணை ஒருவர் கடல்தண்ணி வாளியோடே கொண்டுவந்தார். "தம்பி, காயவிடாமல் கொண்டந்திருக்கிறன், பார்த்துச் சொல்லும்." அந்தத் தண்ணிதான் பாதி வேலையை முடித்தது. வாளியை நிழலில் அசையாமல் வைத்திருக்க, பொலிப்புகள், அதாவது தண்டின்மேல் வாழும் பவளத்தின் சிறு உயிரிகள், மெல்ல விரிந்தன. கைவில்லையில் பார்த்தால் ஒவ்வொன்றிலும் வாயைச் சுற்றி விரல்போல நீளும் ஆறு பரிசக்கொம்புகள், பக்கக் கிளை இல்லாமல். இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொரு பவளவகையான கடல்விசிறி என்றால் எட்டு இருக்கும், அவற்றின் ஓரங்களில் சிறு கிளைகளும் இருக்கும். தொட்டதும் கடல்விசிறி பொலிப்புகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். இவை சுருங்கினவே தவிர மறையவில்லை.

ஒரு துண்டை மரபணுச் சோதனைக்காக எதனோலில் போட்டேன். இன்னொன்றைக் குளோரின் கரைசலில் கொஞ்ச நேரம் வைத்தேன். சதை கரைந்தது, கடல்விசிறியில் மிஞ்சும் சுண்ணாம்புத் துணுக்குகள் அடியில் இல்லை.

பிறகு நுணுக்குக்காட்டி. இதை விட்டு எழும்பவே மனம் வரவில்லை. கறுத்த அச்சில் நீளவாக்கில் வரிசை வரிசையாக முட்கள், பனைமட்டைக் கருக்கு மாதிரி. பொலிப்பு இருந்த பக்கத்து முட்கள் நீளம், எதிர்ப்பக்கத்தவை கட்டை. கடல்விசிறியின் அச்சில் இந்த முட்கள் கிடையா. முள்ளின் உயரம், இடைவெளி, வடிவம் எல்லாம் இனத்தைப் பிரிக்க உதவும். அதன் மேற்பரப்பைப் பார்க்க இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும்.

கிளையில்லாத தண்டில் பொலிப்புகள் ஒரு பக்கத்தில் ஒரே வரிசையாக இருந்தால் ஸ்டிக்கோபதீஸ், சுற்றிவர இருந்தால் சிரிப்பதீஸ் என்பது பேரினத்துக்கு (நெருங்கிய இனங்களின் தொகுதிக்கு) வழக்கமான பிரிப்பு. எங்களுடையதில் ஒரே வரிசை. "ஸ்டிக்கோபதீஸ், இனம் தீர்மானிக்கப்படவில்லை" என்று சீட்டு எழுதி ஒட்டினேன். பழைய இனப் பெயர்கள் பல காய்ந்த துண்டுகளை மட்டும் பார்த்து வைக்கப்பட்டவை. அவற்றில் ஒன்றை இதற்குச் சூட்ட மனச்சாட்சி இடம் தரவில்லை.

வெளிநாட்டு நிபுணருக்குச் சும்மா தபாலில் அனுப்பவும் முடியாது. 1981 முதல் கறுப்புப் பவளங்கள் எல்லாம் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இருக்கின்றன, அனுமதிப்பத்திரம் கட்டாயம். இனம் பார்ப்பதற்கென்று உயிருள்ளதை ஒருபோதும் முறிக்காதீர்கள். ஹவாயின் ஆழ்கடலில் ஒரு கறுப்புப் பவளத்தின் வயது 4,000 ஆண்டுகளுக்கு மேல் என்று கணித்திருக்கிறார்கள். தானாக வலையில் வந்தால் இடத்தையும் ஆழத்தையும் குறித்து, ஈரமாகவே கொண்டுவாருங்கள்.