சப்வூஃபருக்கென அவுட்புட் இல்லாத சிறிய ஸ்டீரியோவில் சப்வூஃபரை இணைத்த அனுபவம்

என்னிடம் உள்ளது சிடி, வானொலி, புளூடூத் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிய சிறிய ஸ்டீரியோ. அதனுடன் வந்த ஸ்பீக்கர்களின் வூஃபர் 4 அங்குல அளவுதான் என்பதால், குரலும் வயலினும் தெளிவாகக் கேட்டாலும், பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி எழுப்பும் 41 ஹெர்ட்ஸ் அளவிலான சுரம் ஏறக்குறையக் காணாமலே போய்விடும். அந்தக் குறையைத் தீர்க்கத்தான், தாழ்ந்த சுரங்களை மட்டும் ஒலிக்கும் தனி ஸ்பீக்கரான சப்வூஃபர் ஒன்றைச் சேர்க்க விரும்பினேன். சிறிய ஸ்டீரியோவின் ஆம்ப்ளிஃபயர்மீது கூடுதல் சுமை ஏற்றக் கூடாது என்பதால், தனக்கென ஆம்ப்ளிஃபயர் கொண்ட ஆக்டிவ் வகையையே தேர்ந்தெடுத்தேன்.

பின்புறத்தில் ‘சப் அவுட்’ என்ற துளை இருந்திருந்தால், ஆடியோ கருவிகளை இணைக்கும் ஓர் ஆர்சிஏ கேபிளோடு வேலை முடிந்திருக்கும். என் ஸ்டீரியோவில் அது இல்லை. வேறொரு ஆடியோ கருவிக்குச் சிக்னலை அனுப்பும் லைன் அவுட் இருந்தது. ஆனால் அதில் வரும் சிக்னல் வால்யூம் குமிழுக்குக் கட்டுப்படாமல் எப்போதும் ஒரே அளவில் இருப்பதால், பாட்டின் ஒலியைக் குறைத்தாலும் சப்வூஃபர் மட்டும் அதே வேகத்தில் முழங்கிக்கொண்டிருக்கும். ஹெட்ஃபோன் துளை வால்யூமுக்குக் கட்டுப்படும் என்றாலும், அதில் எதையாவது செருகியவுடன் ஸ்பீக்கர்கள் அடங்கிவிடும். எஞ்சியது ஸ்பீக்கர் வயர்களிலிருந்தே சிக்னலை எடுக்கும் வழி. உண்மையில் அதுவே மற்ற இரண்டையும்விட நல்ல வழி என்பது என் கருத்து. ஸ்பீக்கர்களுக்குப் போகும் அதே ஒலிதான் சப்வூஃபருக்கும் போகிறது, வால்யூம் ஏறினால் இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன.

இந்த வழியில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிறிய ஸ்டீரியோக்கள் பலவற்றில் பிரிட்ஜ் முறையில் இயங்கும் ஆம்ப்ளிஃபயர்களே இருக்கின்றன. அவற்றில் கறுப்பு முனையும் சிவப்பு முனையைப் போலவே சிக்னலைச் சுமக்கும், அது கிரவுண்ட், அதாவது சிக்னல் இல்லாத பொது முனை, அல்ல. சப்வூஃபர்கள் பலவற்றிலோ, ஸ்பீக்கர் வயரை ஏற்கும் இன்புட்டில் இடது, வலது கறுப்பு முனைகள் உள்ளே ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். இவ்விரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் ஸ்டீரியோவின் ஆம்ப்ளிஃபயர் பழுதாகக்கூடும். ஆகவே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆர்சிஏ துளையின் வெளி வளையத்திலும் மறுமுனையைக் கறுப்பு ஸ்பீக்கர் முனையிலும் வைத்துப் பார்த்தேன். தொடர்பே காட்டவில்லை. பிரிட்ஜ் முறையாகத்தான் இருக்க வேண்டும் என்று கொண்டு, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள லைன் அவுட்புட் கன்வர்ட்டர் ஒன்றை நடுவில் பொருத்த முடிவு செய்தேன். கார் ஆடியோ வேலைகளில் பரவலாகப் பயன்படும் இச்சிறு பெட்டி, ஸ்பீக்கர் சிக்னலை லைன் அளவுக்குக் குறைப்பதோடு இரு கருவிகளின் கிரவுண்டையும் பிரித்து வைக்கிறது. இதனால், இரு கருவிகளின் கிரவுண்டும் இணைந்து வளையமாவதால் வரும் கிரவுண்ட் லூப் உண்டாக்கும் ‘ம்ம்ம்’ என்ற உறுமலும் எழவில்லை.

வயர் வேலையில் அவசரப்படக் கூடாது. ஒவ்வொரு வயரின் உறையையும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும் உரித்து, செம்பு இழைகளை இறுக முறுக்கி, ஏற்கெனவே ஸ்பீக்கர் வயர் இருந்த முனையில் அதனுடன் சேர்த்து நுழைத்தேன். பிரிந்து நிற்கும் ஒற்றை இழை பக்கத்து முனையைத் தொட்டாலே போதும், ஷார்ட் ஆகிவிடும். எனவே நான்கு முனைகளையும் டார்ச் வெளிச்சத்தில் பார்த்த பிறகே பிளக்கைச் செருகினேன். கன்வர்ட்டரிலிருந்து வந்த ஆர்சிஏ கேபிளை, சப்வூஃபரில் எல்எஃப்ஈ (சினிமா ஒலியின் தனி பேஸ் சேனலுக்கானது) என்று குறித்திருந்த துளையில் அல்லாமல், இடது வலது லைன் இன்புட்டில் செருகினேன். எல்எஃப்ஈ துளையில் வரும் சிக்னல், குறித்த எல்லைக்கு மேலுள்ள ஒலிகளை வடிகட்டும் உள் கிராஸ்ஓவரைத் தாண்டிப் போய்விடும். எனக்கோ அந்தக் கிராஸ்ஓவர் அவசியம்.

ஒலியைச் சரிசெய்யத்தான் அதிக நேரம் பிடித்தது. முதலில் ஸ்டீரியோவின் பேஸ் பூஸ்ட்டை அணைத்தேன். ஸ்பீக்கர் முனையிலிருந்து எடுக்கும் சிக்னலில் அந்த மிகைப்பும் சேர்ந்தே வரும். பிறகு சப்வூஃபரை நான் உட்காரும் இடத்திலேயே வைத்து, மெதுவான பேஸ் கிட்டார் இசையை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்தபடி கேட்டேன். மூலையில் எல்லாச் சுரங்களும் வீங்கி ஒலித்தன; ஓரிடத்தில் சில சுரங்கள் மறைந்தே போயின. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டருக்கும் மேல் என்பதால், ஓர் அறைக்குள் இப்படி மேடும் பள்ளமும் உண்டாவது இயல்பே. சுரங்கள் ஓரளவு சமமாகக் கேட்ட இடத்துக்குச் சப்வூஃபரை நகர்த்தினேன்.

கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் தொடங்கினேன். ஸ்பீக்கர்களும் முழு ஒலியையும் பெற்றுக்கொண்டிருப்பதால் அந்த எல்லையில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஏறத்தாழ 85 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்கும் ஆண்குரல்கள் கனத்துவிட்டன. 65 அளவுக்கு இறக்கியதும் குரல் தெளிந்தது. சப்வூஃபரின் ஒலி அலையை ஸ்பீக்கர்களின் அலையோடு ஒத்துப்போகச் செய்யும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 டிகிரி என மாற்றிப் பார்த்து, உட்காரும் இடத்தில் பேஸ் நிறைவாகக் கேட்ட 0 நிலையிலேயே விட்டேன். கன்வர்ட்டரின் அளவைக் குறைத்தும் சப்வூஃபரின் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயினைச் சற்றுக் கூட்டியும் வைத்திருக்கிறேன். சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் பலத்த கீழ் ஒலிகளில் திணறும் என்பதே காரணம். சப்வூஃபரை அணைத்தால்தான் அது இருந்தது தெரிய வேண்டும், அதுவரை கெயினைக் குறைத்துக்கொண்டே போகலாம்.

இரவில் மெல்லிய ஒலியில் கேட்கும்போது, சிக்னல் போதாமல் ‘ஆட்டோ’ நிலையில் சப்வூஃபர் தானாக உறங்கிவிடுகிறது. அதனால் அந்தச் சுவிட்சை ‘ஆன்’ நிலையில் வைத்து, கேட்டு முடித்ததும் கையால் அணைத்துவிடுகிறேன்.