காயடிப்பதற்கு முன் நான் கேட்கும் கேள்விகள்

கம்பத்திலிருந்து மேற்கே மலை ஏறினால் கம்பம்மெட்டு. கூடலூரிலிருந்து லோயர்கேம்ப் வழியாக ஏறினால் குமுளி. இரண்டு பாதைகளிலும் உச்சியில் கேரளம் தொடங்கிவிடுகிறது. விடியும் முன்பே ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகள் மாலையில் இறங்கி வரும்போது, சில நாள்களில் அவற்றில் ஆள்களோடு ஒரு நாயும் இருக்கும். எங்கள் பகுதியில் கால்நடை மருத்துவம் என்றால் பெரும்பாலும் பசுவும் ஆடும்தான் என்றாலும், அண்மை ஆண்டுகளில் நாய்களைக் கொண்டுவருவோர் வெகுவாகக் கூடியிருக்கிறார்கள். அவர்களில் ஒரு வயதுகூட நிரம்பாத ஆண் நாயைப் பிடித்துக்கொண்டு வந்து, "இவனுக்குக் குடும்பக் கட்டுப்பாடு பண்ணிரலாமா டாக்டரய்யா?" என்று கேட்பவர்களும் அதிகம்.

அந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ நான் உடனே விடை சொல்வதில்லை. நாய் இரவில் எங்கே படுக்கிறது, அதைக் கட்டிப்போடுகிறார்களா, சுற்றுவட்டாரத்தில் பெட்டை நாய்கள் எத்தனை இருக்கின்றன, எந்தத் தொந்தரவு பொறுக்க முடியாமல் அவர்கள் மலை இறங்கி வந்திருக்கிறார்கள் என்பவற்றை முதலில் கேட்டுக்கொள்வேன். அறுவைச் சிகிச்சை ஒன்றுதான். ஆனால் அது தீர்க்கக்கூடிய சிக்கல்களும் தீர்க்க முடியாத சிக்கல்களும் ஒரே குரலில்தான் என் முன்னால் வைக்கப்படுகின்றன. அவற்றைப் பிரித்து எடுப்பதுதான் என் வேலையின் பெரும்பகுதி என்று நான் நம்புகிறேன்.

இந்த ஊர்க்காரர்களுக்குக் காயடிப்பது புதிதில்லை. காளைக்கன்றைப் பிடித்துக் கொடுத்து, பர்டிசோ என்னும் காயடிப்பு இடுக்கி விதைக்குப் போகும் நரம்பையும் குருதிக்குழாயையும் நசுக்கும் வரை சலனமில்லாமல் நிற்கும் விவசாயிதான், தன் நாய் என்று வந்தவுடன் கலங்குகிறார். ஆண்மை போய்விட்டால் நாயின் வீரமும் போய்விடும் என்ற அச்சம் அவருக்கு இருக்கிறது. அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை. தோட்டத்தில் தனியாக இருப்பவருக்கு நாய்தான் இரவுக் காவல். அதன் குணம் மாறிவிடுமோ என்று அவர் கவலைப்படுவது நியாயமே.

ஏலத்தோட்டம் ஒன்றில் கங்காணியாக இருப்பவர் ஆடி மாதக் கடைசியில் எட்டு மாதக் கோம்பைக் கடுவன் (ஆண்) நாய் ஒன்றைக் கொண்டுவந்தார். உத்தமபாளையத்தை அடுத்த கோம்பை என்ற ஊரின் பெயரையே தாங்கிய இனம் அது: செம்பழுப்பு உடல், கரிய முகவாய், அந்நியரைக் கண்டால் விலகாத நெஞ்சுரம். கங்காணிக்குச் சிகிச்சையில் அவ்வளவாக விருப்பமில்லை. வற்புறுத்தி அழைத்து வந்தவர் அவருடைய மனைவி. "போன நாயச் சிறுத்த தூக்கிட்டுப் போயிருச்சுய்யா. ராத்திரி பொட்ட நாய் பின்னால போனதுதான், திரும்பி வரல. இவனாவது உசுரோட கெடந்தாப் போதும்" என்றார் அவர். பெரியாறு காட்டை ஒட்டிய தோட்டங்களில் சிறுத்தை நாயைக் கொண்டுபோவது அரிதான செய்தியன்று. அந்த அம்மா சொன்ன காரணத்தைவிட வலுவான காரணத்தை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை.

பெட்டையைத் தேடி அலைவதுதான் காயடிப்பினால் மிக உறுதியாகக் குறையும் பழக்கம். வளர்ந்த ஆண் நாய்களைப் பற்றி 1976-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், சிகிச்சைக்குப் பிறகு ஏறத்தாழ 10 நாய்களுக்கு 9 என்ற கணக்கில் அலைச்சல் குறைந்ததாக உரிமையாளர்கள் கூறியிருந்தார்கள். கண்ட இடத்தில் காலைத் தூக்கி அடையாளமிடுவதும் பிற ஆண் நாய்களோடு சண்டைக்குப் போவதும் அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் கணிசமாகவே குறைந்தன. அலைச்சல் குறைந்தால் சிறுத்தையின் வாயில் விழுவது மட்டுமா குறைகிறது? ஜீப்பில் அடிபடுவதும், வெறிநோய் கண்ட நாயிடம் கடிபடுவதும், புணர்ச்சியின் வழியே ஒட்டிக்கொள்ளும் குறிக்கட்டியும் குறைகின்றன. இந்தக் கட்டியைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. நோயுற்ற நாயின் கட்டிச் செல்களே மற்ற நாயின் உடலில் பதிந்து வளரும் வினோதமான புற்றுநோய் அது. குறியின் உறையிலிருந்து சொட்டுச் சொட்டாக இரத்தம் வடிவதைச் சிறுநீர்க் கோளாறு என்று எண்ணிக் கொண்டுவருவார்கள். வின்கிரிஸ்டின் ஊசியை வாரம் ஒன்றாகச் சில வாரங்கள் போட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். ஆனால் அத்தனை வாரங்களும் வேலையை விட்டுவிட்டு நாயை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவரத் தோட்டத் தொழிலாளியால் முடிவதில்லை.

கங்காணியின் கேள்வி வேறாக இருந்தது. "இவன் குலைக்கிறத விட்டுருவானாய்யா?" என்று கேட்டார். விடமாட்டான் என்று சொன்னேன். தன் எல்லைக்குள் அந்நியர் நுழைந்தால் குரைப்பதும் எதிர்த்து நிற்பதும் பிறப்பிலும் வளர்ப்பிலும் வருபவை. விதையில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் அவற்றுக்கு அடிப்படையன்று. காயடிக்கப்பட்ட நாய்கள் தோட்டங்களைக் காத்து வருவதை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

ஆயினும் அன்றே அறுத்துவிட நான் சம்மதிக்கவில்லை. நாயின் நீண்ட எலும்புகளின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடுவதற்குப் பாலுறுப்புச் சுரப்பிகளின் துணை வேண்டும். விதைகளை முன்கூட்டியே எடுத்துவிட்டால் தட்டுகள் தாமதமாக மூடி, கால்கள் சற்றுக் கூடுதலாக நீண்டு, மூட்டின் அமைப்பே மாறுகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் கோல்டன் ரிட்ரீவர் நாய்களைப் பற்றி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வயதுக்கு முன் காயடிக்கப்பட்ட ஆண் நாய்களில் 10 விழுக்காட்டுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு இருந்தது. காயடிக்கப்படாதவற்றைவிட இது இரு மடங்கு. அவர்களே 2020-இல் 35 இனங்களை ஆராய்ந்தபோது, சிறிய இனங்களில் இத்தகைய கேடு பொதுவாகத் தென்படவில்லை. உடல் பெருத்த இனங்கள் பலவற்றில் தென்பட்டது. அந்த 35 இனங்களில் நம் நாட்டு இனம் ஒன்றும் இல்லை. எனவே கோம்பைக்கு இந்த வயதுதான் சரி என்று எவரும் அடித்துச் சொல்ல இயலாது. மேடு பள்ளங்களில் நாளெல்லாம் ஓடித் திரியும், உடற்கட்டு மிகுந்த நாய்க்கு எலும்பு முற்றும் வரை, அதாவது ஒரு வயது கடந்து சில மாதங்கள் ஆகும் வரை, பொறுத்திருப்பதே நல்லது என்பது என்னுடைய முடிவு. வீட்டுக்குள் வளரும் பொமரேனியனுக்கு இவ்வளவு காத்திருப்பு தேவையில்லை.

காத்திருப்பதிலும் ஓர் இடர் இருந்தது. எங்கள் பக்கத்தில் தெருப் பெட்டைகள் பெரும்பாலும் பருவத்துக்கு வருவது மழைக்காலக் கடைசியில், புரட்டாசி தொடங்கிக் கார்த்திகை வரையில். ஏலக்காய் பறிப்பு மும்முரமாக நடப்பதும் அதே மாதங்களில்தான். பச்சைக் காயை உலர்த்தும் ஸ்டோரைச் சுற்றி நாய் நடமாட வேண்டியதும், திருட்டுக்கு அஞ்சி ஆள் விழித்திருக்க வேண்டியதும் அப்போதுதான். நாயைக் கட்டிப்போட்டால் காவல் இல்லை, அவிழ்த்துவிட்டால் நாய் இல்லை என்று கங்காணி சொன்னது முற்றிலும் உண்மை. நெடுநேரம் பேசிய பிறகு, ஸ்டோரின் நீளத்துக்கு இரு தூண்களுக்கு இடையே கம்பி இழுத்துக் கட்டி, அதில் ஓடும் வளையத்தில் சங்கிலியைக் கோத்துவிடுவது என்று முடிவாயிற்று. நாய் முற்றம் முழுவதும் நடமாடலாம். காட்டுக்குள் போக முடியாது. அந்த ஏற்பாடு மாசி வரை தாங்கியது. தாங்காது என்ற ஐயம் இருந்திருந்தால், மூட்டைப் பற்றிய கவலையை ஒதுக்கிவைத்துவிட்டு அந்த ஆடியிலேயே அறுத்திருப்பேன். பின்னாளில் வரக்கூடிய மூட்டு வலிக்காக, இந்த ஆண்டே சாகக்கூடிய நாயைக் காட்டுக்கு விடுவது மருத்துவமாகாது.

வயதை எண்ணிக் காத்திராமல் செய்ய வேண்டிய சிகிச்சையும் உண்டு. இரண்டு விதைகளும் குட்டிக்கு இரண்டு மாதம் ஆகும்போதே பைக்குள் இறங்கியிருக்க வேண்டும். ஆறு மாதம் கடந்தும் ஒன்று வயிற்றிலோ தொடை இடுக்கிலோ தங்கிவிட்டால் இனி இறங்குவது அரிது. தங்கிய விதையில் புற்றுக்கட்டி வரும் வாய்ப்பு பன்மடங்கு. இந்தக் குறை குட்டிகளுக்கும் வழிவழியாக வரும். அந்த நாய்களை இனப்பெருக்கத்துக்கு விடாமல் இரண்டையும் எடுத்துவிடும்படி நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். மற்ற நாய்களுக்கு நோயைக் காட்டி அவசரப்படுத்துவது எனக்குப் பிடிப்பதில்லை. முதுமையில் புராஸ்டேட் சுரப்பி வீங்குவதைக் காயடிப்பு தடுக்கும் என்பது மெய். ஆனால் அந்த வீக்கம் வந்த பிறகு செய்தாலும் சுரப்பி சுருங்கிவிடும். புராஸ்டேட் புற்றுநோயையோ அது தடுப்பதே இல்லை.

தை பிறந்ததும் புதிதாக ஒரு பேச்சு வந்து சேர்ந்தது. குட்டியைக் கொடுத்த கோம்பைக்காரர், கடுவன் நன்றாகத் தேறியிருப்பதைப் பார்த்துவிட்டு, அதை இனத்துக்கு வைத்துக்கொள்ளும்படி கங்காணியிடம் சொல்லியிருக்கிறார். இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நாட்டு நாய்களில் இராஜபாளையத்துக்கு 2005-இல் அஞ்சல்தலை வெளியாகும் அளவுக்குப் பெயர் கிடைத்தது. கோம்பைக்கு அத்தகைய பெயர் அமையவில்லை. கலப்பில்லாத கோம்பையைப் பார்ப்பது கோம்பையிலேயே கடினமாகி வருகிறது. கலப்பற்ற ஆண் ஒன்றைக் காயடிக்கும்போது அந்த வழி அதோடு நின்றுபோகிறது என்பதை நினைக்காமல் நான் கத்தியை எடுப்பதில்லை.

அதனால் கங்காணியிடம் சில கேள்விகளைக் கேட்டேன். தகுந்த பெட்டை எவரிடம் இருக்கிறது? அதன் தாய் தந்தை யார்? அது பருவத்துக்கு வரும்போது நாயைக் கோம்பைக்குக் கொண்டுபோய்ச் சில நாள் வைத்திருக்க முதலாளி விடுப்பு தருவாரா? பிறக்கும் குட்டிகளை யார் வாங்குவார்கள்? ஒன்றுக்கும் அவரிடம் விடை இல்லை. கொடுத்தவரிடம் போய் விசாரித்தபோது அவரிடமும் பெட்டை இல்லை என்பது தெரிந்தது. காயடிக்காமல் விட்டால் அந்த நாயின் வித்து தோட்டத்துப் பெட்டைகளிடம் போகுமே தவிர, கோம்பை இனத்துக்குப் போகாது. பிறக்கும் குட்டிகளோ தேயிலைச் சரிவிலும் குமுளிக் கடைத்தெருவிலும் பசியோடு அலையும். 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசி போடும் பொறுப்பையும் கருத்தடை செய்யும் பொறுப்பையும் உரிமையாளரிடமே வைத்திருக்கின்றன. அது சரியான இடம் என்பதே என் எண்ணம். பெட்டையும் கால்நடை மருத்துவரின் கண்காணிப்பும் உறுதியான வேலியும் உள்ளவர் கோம்பைக் கடுவனைக் கொண்டுவந்தால் அறுக்க வேண்டாம் என்று நானே தடுப்பேன். கங்காணியிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை.

மாசியில் செய்வதற்கு மற்றொரு வசதி உண்டு. மலையில் மழைக்காலம் என்றால் சேறும் அட்டையும். புதுத் தையல் போட்ட நாயை அந்த ஈரத்துக்கு அனுப்ப நான் விரும்புவதில்லை. பறிப்பு முடிந்துவிடுவதால் கங்காணிக்கும் சில நாள் ஒழிவு கிடைக்கிறது. ஆனால் மாசியிலும் உண்ணி இருக்கிறது. உண்ணிக் காய்ச்சல் உள்ளுக்குள் இருக்கும் நாய் வெளிப்பார்வைக்குத் துள்ளிக்கொண்டிருந்தாலும், இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தால் சிறு கீறலிலும் குருதி நிற்காது. ஆகவே இரத்தப் பரிசோதனை இல்லாமல் தோட்டத்து நாயை நான் மேசையில் ஏற்றுவதில்லை. "நல்லா ஓடியாடித் திரியிறான், எதுக்கு வீண் செலவு?" என்று கேட்பவர்களிடம் இதை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

சிகிச்சை எளிதாகவே முடிந்தது. விதைப்பைக்குச் சற்று முன்னால் ஒரே கீறலில் இரண்டு விதைகளையும் எடுத்து, குழாய்களைக் கட்டி, தோலைத் தைத்தேன். தையலை நக்காதிருக்கக் கழுத்துக் கூம்பு மாட்டி, பத்து நாள் குதிக்கவிட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். உள்ளே தேங்கியிருக்கும் விந்து சில வாரங்கள் வரை கருவுறச் செய்யக்கூடும் என்பதால், ஒரு மாதம் பெட்டைகளிடம் விட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். சோற்றைப் பற்றி அந்த அம்மாவிடம் தனியாகப் பேசினேன். காயடித்த நாய்க்கு உணவுத் தேவை 20 முதல் 30 விழுக்காடு வரை குறைகிறது. ஆனால் பசி குறைவதில்லை. அன்பு மிகுந்த வீடுகளில்தான் நாய் பெருக்கிறது. ஐப்பசியில் தடுப்பூசிக்கு வந்தபோது எடை சரியாகவே இருந்தது. இரவில் ஸ்டோரை விட்டு அகல்வதில்லை என்றும், காட்டுப்பன்றி வந்தால் முன்போலவே பாய்ந்து குரைக்கிறான் என்றும் கங்காணி சொன்னார்.

அவர் சொன்னதைக் கேட்டுக் குமுளியில் சிறிய தங்கும் விடுதி நடத்தும் தமிழர் ஒருவர், பத்து மாத ஜெர்மன் ஷெப்பர்டு கலப்பு நாயைக் கொண்டுவந்தார். விருந்தினரின் குழந்தைகளைக் கடிக்க வருகிறது, காயடித்தால் அடங்கிவிடும் அல்லவா என்று கேட்டார். நாயைப் பார்த்தேன். வாலை இடுக்கிக்கொண்டு, காதைப் பின்னால் மடக்கி, நான் கை நீட்டுமுன்பே சுவரோடு ஒட்டிப் பல்லைக் காட்டியது. சுற்றுலாக்காரர்கள் போய்வரும் நடையிலேயே அதைக் கட்டிப்போட்டிருப்பதாகப் பேச்சுவாக்கில் தெரிந்தது. அந்த நாய் கடிப்பது ஆண் திமிரினாலன்று, பயத்தினால். விதையை எடுத்தால் பயம் போகாது. பயந்த இளம் நாய்க்கு அதை எடுத்துவிட்டால் பயம் கூடவும் செய்யலாம் என்று காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. அதனிடம் கத்தியோடு போக எனக்கு மனமில்லை. நடையைவிட்டு வீட்டுக்குப் பின்புறம் அதற்கு மறைவான இடம் ஒதுக்கும்படியும், குழந்தைகள் இருக்கும் நேரத்தில் வாய்க்கூடு போடும்படியும், நாய் பதறாத தொலைவில் புதியவர்களை நிற்கவைத்து அவர்கள் கையாலேயே தீனியை எறியச் செய்யும்படியும் சொல்லி, வெறிநோய்த் தடுப்பூசி மட்டும் போட்டு அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து வந்தால், அப்போது வேண்டுமானால் மறுபடி பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.